போர்டு வெட்டாத காட்சி

இந்த மலாய் மண்ணில் வெளிநாட்டுப் படம் இறக்கும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். முதல் வாரத்திலேயே ஒரு வாக்கியம் உங்கள் வாயில் ஒட்டிக்கொண்டிருக்கும். யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். பக்கத்து மேசைக்காரர் தொலைபேசியில் பேசுவதைக் கேட்டாலே போதும், தானாக வந்துவிடும். "போர்டு வெட்டிட்டாங்க லா." போர்டு என்றால் தணிக்கை வாரியம்.

சென்னையில் பார்த்த பாட்டு இங்கே இல்லையா? போர்டு வெட்டிவிட்டது. இன்னொரு ஆட்டம் கூட ஓட்டலாமே என்று நாமே படத்தின் நீளத்தைக் குறைத்து வாங்கினோமா? அதுவும் போர்டு. திரைக்கு அடியில் ஓடும் மலாய் எழுத்து வரிகள் பாதிப் படத்தில் காணாமல் போனதா? போர்டு. ரவாங்கில் ஓர் அரங்கில் இடைவேளைக்குப் பிறகு படமே ஓடாமல் நின்றுவிட, மேலாளர் கூட்டத்தைப் பார்த்துக் கைகூப்பி, "மீதிய போர்டு வெட்டிட்டாங்க" என்றதாக எங்கள் வட்டாரத்தில் ஒரு கதை உண்டு. நான் நம்புகிறேன். அவ்வளவு வசதியான பதில் அது. தணிக்கை வாரியம் என்ன, அரங்கு வாசலில் வந்து நின்று 'நான் வெட்டவில்லை' என்றா சொல்லப் போகிறது? பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அந்த வாக்கியம் வாய்க்கு வரும்போதெல்லாம் எனக்குக் கிள்ளான் புஷ்பத்தின் ஞாபகம் வந்து நாக்கை இழுத்துப் பிடிக்கும். உங்களுக்கும் பிடிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் வேலை பார்த்தது பிரிக்பீல்ட்ஸில், ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில். வெயில் ஏறும் முன்பே ரச வாசம் வந்து வேலையைக் கெடுக்கும். வரும் படங்களுக்கு மலாய் வரிகள் எழுதிப் போட வைப்பது, வாரியத்துக்கு அனுப்புவது, அவர்கள் வெட்டச் சொன்னதை வெட்ட வைப்பது எல்லாம் என் பொறுப்பு. முதலாளியை நாங்கள் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனுஷர். கோபம் மட்டும் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும்.

அவர் இறக்குமதியாளர்களின் சிறு குழுவுக்குத் தலைவராக இருந்த வருஷம் அது. வாரியத்திலிருந்து ஓர் அம்மையார் எங்களோடு உட்கார்ந்து பேசச் சம்மதித்திருந்தார். மலாய்க்காரர், எல்லாரும் மரியாதையாகப் புவான் என்றே சொல்வோம். வாயால் பேசினால் காற்றோடு போய்விடும், ஆராய்ச்சிக் கட்டுரையாகவே எழுதிக் கையில் கொடுப்போம் என்று குழுவில் முடிவானது. தமிழ்ப் படங்கள் வெளிநாட்டுச் சந்தைகளில் எப்படித் தணிக்கை ஆகின்றன, இங்கே என்ன மாற வேண்டும் என்பது பொருள். திட்டம் போடும் வேலை என் தலையில் விழுந்தது.

பாஸுக்குத் திட்டம் என்றாலே பிடிக்காது. "சும்மா கிழிகிழின்னு கிழிக்கணும் லா. படிச்சா அவங்களுக்கு வெட்கம் வரணும்."

"யார் மனச மாத்தப் போறோம் பாஸ்? நம்ம ஆளுங்க மனசையா, அந்தப் புவான் மனசையா?" என்று கேட்டேன்.

"ரெண்டும்தான்."

"ரெண்டும் முடியாது. நம்ம ஆளுங்க கை தட்டுற மாதிரி எழுதினா புவான் எழுந்து போயிடுவாங்க."

முறைத்தார், ஆனால் விட்டார். பழைய பட போஸ்டர் ஒன்றைத் திருப்பிப் போட்டு அதன் வெள்ளைப் பக்கத்தில் மார்க்கரால் திட்டத்தை எழுதினேன். ஒருவரை இணங்க வைக்க எழுதுகிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது, அவர் நமக்குச் சொல்லப்போகும் பதிலை அவரைவிட நன்றாக எழுதிப் பார்ப்பது. அதைச் செய்தேன். பல மதம் இருக்கிற நாடு, குடும்பத்தோடு குழந்தைகள் பார்க்கிற அரங்கு, ஒரு படத்தால் கலவரம் வந்தால் யார் பொறுப்பு? அதைப் படித்தபோது எனக்கே புவான் பக்கம் சாய்ந்துவிடலாம் போலிருந்தது. அதன் பிறகுதான் எங்கள் கோரிக்கை: வெட்டச் சொன்னால் காரணத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள், வயது வரம்பு போட்டால் போதும் என்கிற இடத்தில் வெட்டாதீர்கள், மறுத்துப் பேச எங்களுக்கு அவகாசம் கொடுங்கள். அதற்குக் கீழே கட்டங்கள் போட்டேன். ஒரே படத்தைச் சிங்கப்பூரில் என்ன செய்தார்கள், கொழும்பில் என்ன செய்தார்கள், வளைகுடாவில் என்ன, இங்கே என்ன.

பாஸ் போஸ்டரைச் சுற்றிச் சுற்றி வந்தார். "எல்லாம் சரி. முதல் பக்கத்துல ஒரு மனுஷன் இல்லையே? படிச்சதும் கண்ணு கலங்கணும் லா." பிறகு தொடையைத் தட்டினார். "கிள்ளான் புஷ்பம்!"

புஷ்பத்தைக் கிள்ளானில் தெரியாதவர்கள் குறைவு. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். கோயில் திருவிழா நாடகங்களில் சின்ன வயசிலிருந்தே நடித்து வந்தவள். சென்னையிலிருந்து ஒரு படக்குழு வந்து கிள்ளான் பக்கம் வீடு தேடியபோது தன் வீட்டையே திறந்துவிட்டாள். வாடகை பேசினார்கள். "வாடகை வேணாம், ஒரு சீன் கொடுங்க" என்றாளாம். கொடுத்தார்கள். இங்கே கூலி வேலைக்கு வந்த ஒருவனின் பாஸ்போர்ட்டை ஏஜெண்ட் பிடுங்கி வைத்திருக்கிறான்; வாசலில் நின்று, அதைக் கொடுடா என்று அந்த ஏஜெண்டிடம் சண்டை போட்டு அழுகிற, கூலிக்காரனின் அக்கா வேஷம். படம் எடுக்கும்போது சத்தம் வரும் என்று தெருவாரை முனையிலேயே நிறுத்திவிட்டார்கள். அதனால் படம் வந்த அன்று தெருவே வேனில் ஏறி அரங்குக்குப் போனது. அவளுடைய அம்மா உட்பட. வீடு வந்தது, வாசல் வந்தது, வாசலில் வைத்த பூச்செடிகூட வந்தது. புஷ்பம் வரவில்லை.

அரங்குக்காரர் என்ன சொல்லியிருப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் புஷ்பம் அதை எப்படி எடுத்துக்கொண்டாள் என்பதைச் சொல்ல வேண்டும். அழுது ஒடுங்கிப் போகவில்லை. "நான் கேட்ட கேள்விக்கு கவர்மெண்டே பயந்துடுச்சு லா" என்று தலை நிமிர்ந்தாள். தெருவும் அதைப் பிடித்துக்கொண்டது. வேனில் ஏறும் பிள்ளைகளுக்கு அந்த வசனம் மனப்பாடம். கல்யாண வீடுகளில் அவளை அறிமுகப்படுத்துவதே "போர்டு வெட்டுச்சே, அந்தப் புஷ்பம்" என்றுதான். படத்தில் வந்திருந்தால் இரண்டு வாரத்தில் மறந்திருப்பார்கள். வராததால் வருஷக்கணக்கில் நிலைத்தாள்.

அந்தப் படத்தை இறக்கிய கம்பெனி இப்போது இல்லை, எங்களுடையதும் அல்ல. ஆகவே எங்கள் யாருக்கும் மேற்கொண்டு எதுவும் தெரியாது. புஷ்பத்தைக் கேட்டதும் உடனே சம்மதித்தாள். முதல் பக்கம் அவள் கதை. கூட்டத்திலும் அவளே எழுந்து பேசுவதாக ஏற்பாடு. பாஸ் அழைப்புகளை அனுப்பிவிட்டார்.

நான் கட்டங்களை நிரப்ப உட்கார்ந்தேன். சிங்கப்பூரில் நம்மைப் போலவே தொழில் செய்கிற ஒருவரைக் கேட்டேன், புஷ்பத்தின் காட்சி அங்கே எப்படி வந்தது என்று. "அப்படி ஒரு சீனே இல்லையே" என்றார். கொழும்பிலும் இல்லை. வளைகுடாவிலும் இல்லை. பாஸ் துள்ளினார். "பாத்தியா! அத்தனை நாடும் சேர்ந்து வெட்டியிருக்கானுங்க! இதுக்கு மேல என்னா சாட்சி வேணும்?"

எனக்கும் ஒரு நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு போஸ்டரைப் பார்த்தேன். நாலு கட்டத்திலும் ஒரே பதில். தணிக்கை வேலையில் இருந்தவர்களுக்குத் தெரியும், அப்படி ஒருநாளும் நடக்காது. ஒரு நாட்டில் சிகரெட் உறுத்தும், இன்னொரு நாட்டில் சாமி உறுத்தும். எல்லாப் போர்டும் ஒரே கத்தரிக்கோலையா வைத்திருக்கிறது? கொழும்புக்காரருக்குக் கிள்ளான் ஏஜெண்டின் பாஸ்போர்ட் மேல் என்ன அக்கறை?

சென்னையில் எனக்குப் பழக்கமான ஒரு தம்பி உண்டு. அந்தப் படத்தில் உதவி இயக்குநராக இருந்தவன். வேறு படங்களில் வசனம் புரியாவிட்டால் அவனைத்தான் கேட்பேன். அவனைக் கூப்பிட்டேன்.

"தம்பி, கிள்ளான்ல ஒரு வீட்டு வாசல்ல, பாஸ்போர்ட் கேட்டு ஒரு அம்மா சண்டை போடுற சீன் எடுத்தீங்களே, அது எங்க போச்சு?"

சிரித்தான். "அதுவா மேடம்? அது டம்மி."

"டம்மின்னா?"

"அந்த வீடு எங்களுக்கு ரொம்பத் தேவைப்பட்டுச்சு மேடம். அந்தக்கா வாடகையே வேணாம், சீன் கொடுங்கன்னுட்டாங்க. கதையில அவங்களுக்கு இடமே இல்ல. அதான் எடுக்கற மாதிரி எடுத்தோம். கேமராவுல மெமரி கார்டே போடல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நின்றுகொண்டு பேசியவள் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் பொய், புரட்டு, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது எல்லாம் பார்த்திருக்கிறேன். வீட்டைத் திறந்துவிட்ட ஒருத்தியை வெறும் கேமரா முன்னால் அழ வைப்பார்கள் என்று கனவிலும் நினைத்ததில்லை.

சிரித்தவனின் குரல் இறங்கியது. "எதிர்ல ஏஜெண்டா நின்னதே நான்தான் மேடம். டைரக்டர் ஒரு தடவைல முடிச்சிருக்கலாம். ஒன் மோர், ஒன் மோர்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. அவ்ளோ நல்லா பண்ணாங்க. கார்டு போட்டிருக்கலாமேன்னு அப்புறம் எங்களுக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு."

அந்தக் கடைசி வரியைக் கேட்காமலே இருந்திருக்கலாம்.

பாஸிடம் போய்ச் சொன்னேன். அவரும் பேயறைந்தது போல் உட்கார்ந்தார். அது கொஞ்ச நேரம்தான். தொழில்காரர் அல்லவா? "சரி விடு லா. போர்டு நெசமா வெட்டினது எவ்வளவோ இருக்கு. இதுவும் அதுல ஒண்ணுன்னு போயிடும்."

"அவங்க கைக்கு வராத சீன அவங்க எப்படி வெட்டுவாங்க? புவான் ஒரே வரில கேப்பாங்க. நம்ம கட்டுரை அங்கயே செத்துடும். அது போகட்டும் பாஸ், அந்த நேரத்துல மைக்க புடிச்சிக்கிட்டு நிக்கறது யாரு? நீங்களா?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். "அப்போ வரவேணாம்னு சொல்லிடு. காரணம் எதுவும் சொல்லாத."

இந்த இடத்தைக் கவனியுங்கள். அவசரத்தில் நமக்குத் தோன்றுகிற முதல் வழி எப்போதும் இப்படித்தான் இருக்கும்: ஆளை ஒதுக்கு, காரணத்தை மறை. புஷ்பம் பேச்சுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறாள். அவளை வேண்டாம் என்றால் அதற்கும் போர்டைத்தான் காரணம் என்பாள். இன்னும் பத்து வருஷம் அந்தப் பொய்யைச் சுமப்பாள். நான் கொமூட்டர் ரயில் ஏறிக் கிள்ளானுக்குப் போனேன்.

பள்ளி விடும் நேரம். தமிழ்ப்பள்ளிக்கு வெளியே வேனை நிறுத்திவிட்டு, பிளாஸ்டிக் பையில் கட்டிய ஐஸ் மைலோவை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள்.

"வாங்க அக்கா! நல்ல நேரத்துல வந்தீங்க. நான் மலாய்ல சொல்றது சரியான்னு பாருங்க." நிமிர்ந்து உட்கார்ந்து, "செலாமாட் பாகி, புவான்" என்று காலை வணக்கத்தோடு ஆரம்பித்தாள். இரண்டு வரி கடகடவென்று வந்தது. "பள்ளிக்கூடத்து டீச்சர் எழுதிக் கொடுத்தாங்க. சேலைகூட எடுத்து வெச்சிட்டேன். எங்க தாமான் வீடுகள்லருந்து ஒரு வேன் நிறைய வராங்க லா."

சரி, பாதி சொல்லுவோம், தாங்குவாள் என்று நினைத்தேன். "புஷ்பம், அந்த சீன இங்க வெட்டலயாம். படம் நீளம்னு சென்னையிலேயே வெட்டிட்டாங்களாம்."

மைலோப் பையை மெதுவாக இறக்கினாள். "போர்டு வெட்டல?"

"இல்ல."

பிறகு நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. முகம் பளிச்சென்று ஆனது. என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்போ அது சென்னையில இருக்கு லா! போர்டு வெட்டினா திரும்பக் கெடைக்காதுன்னு சொன்னாங்க. சென்னைக்காரங்க வெட்டினா எங்கயாச்சும் போட்டு வெச்சிருப்பாங்கதானே? கேட்டு வாங்கிக் கொடுங்க அக்கா. ஒரே ஒரு தரம் பாக்கணும். எங்கம்மா கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டே போய்ச் சேர்ந்துட்டாங்க."

பாதி உண்மை என்ன செய்யும் என்று அன்றைக்குப் பார்த்தேன். பழைய பொய்யைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் ஓர் ஆசையை நட்டிருந்தேன். பொய்யைவிட அது மோசம். இனி பின்வாங்க இடமில்லை.

"சென்னையிலயும் இல்ல, புஷ்பம். கேமராவுல கார்டு போடலயாம்."

"எந்தக் கேமராவுல?"

"உன்னை எடுத்த கேமராவுல."

அவள் சிரித்தாள். நான் ஏதோ விளையாடுகிறேன் என்று நினைத்தாள் போலிருக்கிறது. பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "இல்லக்கா. உங்களுக்கு யாரோ தப்பா சொல்லியிருக்காங்க. திரும்பத் திரும்ப எடுத்தாங்களே? மூக்குத்திய கழட்டச் சொன்னாங்க. நாளைக்கு மேட்ச் ஆகணும், இதே சேலைய துவைக்காம வெச்சிருங்கன்னு சொன்னாங்க. நான் துவைக்காம வெச்சிருந்தேன் லா..."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தத் தம்பியே எதிரில் நின்றதையும், அவள் நன்றாகச் செய்ததால்தான் மறுபடி மறுபடி கேட்டார்கள் என்பதையும்கூட. ஆறுதலாக இருக்கும் என்று சொன்னேனா, மறைக்கக் கூடாது என்று சொன்னேனா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

"அலாமாக்" என்றாள், ஐயோ என்று மூச்சு மட்டும் வந்த மாதிரி.

மணி அடித்தது. பிள்ளைகள் ஓடி வந்தார்கள். புஷ்பம் இறங்கிப் போய்ப் பக்கக் கதவை இழுத்துத் திறந்தாள். பைகளை வாங்கி வைத்தாள். சண்டை போட்ட இருவரைப் பிரித்து உட்கார வைத்தாள். கை பழக்கத்துக்கு வேலை செய்தது, முகத்தில் மட்டும் ஆளே இல்லை. நான் இறங்கி நின்றேன். வேனை எடுக்கும் முன் என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "சனிக்கிழமை கூட்டத்துக்கு நான் வரேன்."

"வேணாம் புஷ்பம். உன் பேர எடுத்துட்டேன்."

"வரேன்னு சொல்றேன்ல."

நான் திரும்பி வந்து முதல் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். புதிதாக ஒன்று எழுதினேன். எங்கள் படங்களில் வாரியம் வெட்டியது எது, நாங்களே வெட்டியது எது என்று இனி நாங்கள் பிரித்துச் சொல்வோம். நீங்கள் உங்கள் காரணங்களைச் சொல்லுங்கள். அதுதான் தொடக்கம். பாஸ் படித்துவிட்டுக் கத்தினார். "இது நம்ம கழுத்துக்கு நாமே போடுற கயிறு." வேறு பக்கம் எழுத யாருக்கும் நேரமில்லை, அதனால்தான் அது தப்பித்தது. அவர் முகம் சுளித்துக்கொண்டு ஒத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை. பிரிக்பீல்ட்ஸில் ஒரு சிறு மண்டபம். புவான் முன்வரிசையில், கையில் எங்கள் கட்டுரை. இறக்குமதியாளர்கள் ஒரு வரிசை நிறைய. பாஸ் பாதி பேசியிருப்பார், கதவு திறந்து புஷ்பம் வந்தாள், பட்டுச் சேலையில். பின்னால் அவளுடைய தாமான் பெண்கள். கூட்டத்தில் ஒரு சலசலப்பு. பாஸுக்கு என்ன பேய் பிடித்ததோ தெரியாது. அவ்வளவு நல்ல சாட்சி வாசலில் வந்து நின்றதும் மனுஷருக்குக் கை அரித்துவிட்டது. "இதோ, தணிக்கையால பாதிக்கப்பட்ட நம்ம கிள்ளான் கலைஞர்!" என்று மைக்கை நீட்டிவிட்டார்.

எனக்கு உயிரே போய்விட்டது. எழுந்து தடுக்கக்கூடத் தோன்றவில்லை.

புவானுக்குத் தமிழ் தெரியாது. மேடையில் பேசுவதை மலாயில் சொல்வது அன்று என் வேலை. புஷ்பம் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "செலாமாட் பாகி, புவான்" என்று மலாயில் தொடங்கியவள், டீச்சர் எழுதிக் கொடுத்ததை விட்டுவிட்டுத் தமிழுக்கு வந்தாள்.

"புவான், நீங்க என் சீன வெட்டிட்டீங்கன்னு வருஷக்கணக்கா உங்கள திட்டிக்கிட்டிருந்தேன். கோயில்ல வெச்சு சாபம்கூட கொடுத்திருக்கேன். நீங்க வெட்டல. என் சீன யாரும் வெட்டல. அது எடுக்கவே இல்ல. என்னை வெறும் கேமரா முன்னால நிக்க வெச்சு அழ விட்டாங்க. அத எங்க ஆளுங்க யாரும் என்கிட்ட சொல்லல. எல்லாத்துக்கும் நீங்கதான்னு சொல்லிட்டாங்க. நான் நம்பிட்டேன். மன்னிச்சிருங்க."

அவள் கூட வந்த பெண்களுக்கே அது அப்போதுதான் தெரியும். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். பாஸ் என் பக்கம் குனிந்து பல்லைக் கடித்தபடி, "மாத்திச் சொல்லு. ஏதாச்சும் நன்றின்னு சொல்லி முடி" என்றார்.

வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் வசனத்தை மலாயில் எழுதிச் சம்பாதித்தவள் நான். கெட்ட வார்த்தையைக் குறைத்திருக்கிறேன், நீண்டதைச் சுருக்கியிருக்கிறேன். அன்றைக்கு ஒரு சொல்லையும் தொடவில்லை. சாபம் கொடுத்ததையும் சேர்த்து அப்படியே சொன்னேன்.

புவான் எழுந்து புஷ்பத்தின் கையைப் பிடித்து ஏதோ மெதுவாகச் சொன்னார். அது அவர்கள் இருவருக்குள். பிறகு இறக்குமதியாளர் வரிசையைப் பார்த்து எல்லாருக்கும் கேட்கும்படி ஒன்றைக் கேட்டார். "நாங்கள் வெட்டாத எத்தனை காட்சிகளை நாங்கள் வெட்டியதாகச் சொல்லியிருக்கிறீர்கள்?" குரலில் கோபம்கூட இல்லை, திகைப்புத்தான் இருந்தது. அந்த வரிசையில் ஒருவர் தலை நிமிரவில்லை. உங்கள் கணக்கை முதலில் கொண்டுவாருங்கள், நானும் காரணங்களோடு வருகிறேன் என்று அடுத்த கூட்டத்துக்கு நாள் கேட்டுவிட்டுப் போனார். அந்தக் கூட்டத்துக்கு எங்களில் பாதிப் பேர் வரவே இல்லை என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வந்த பாதியோடுதான் பேச்சு நகர்ந்தது. பாஸ் வந்தார். அதற்காக அவரை நான் மன்னித்துவிட்டேன்.

கட்டுரை எழுதுகிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: முதல் பக்கத்தில் நிறுத்தப் போகிற மனுஷரை முதலில் விசாரியுங்கள். கேட்டது உண்மை இல்லை என்றால், வேறு யாருக்கும் முன்னால் அந்த ஆளிடம் போய்ச் சொல்லுங்கள், முழுசாக.

கூட்டம் கலைந்து நடைபாதைக்கு வந்தோம். தாமான் பெண்கள் என்ன பேசுவதென்று தெரியாமல் வேனுக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்கள். புஷ்பம் என்னிடம் கை நீட்டினாள். "அந்தத் தம்பி நம்பர் இருக்கா லா? போட்டுக் கொடுங்க."

திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். நன்றாகத் திட்டட்டும் என்று என் கைப்பேசியிலேயே கூப்பிட்டுக் கொடுத்தேன்.

"தம்பி, கிள்ளான்லருந்து புஷ்பம் பேசறேன். உங்களுக்கு வீடு கொடுத்தேனே, அந்தப் புஷ்பம்." அந்தப் பக்கத்திலிருந்து சத்தமே வரவில்லை போலிருக்கிறது. "பயப்படாதீங்க, திட்டறதுக்குக் கூப்பிடல. எனக்கு எதிர்ல ஏஜெண்டா நின்னது நீங்கதானாமே? அப்போ அந்த சீன கிட்ட நின்னு பாத்தது நீங்கதான். நான் இன்னும் பாக்கல தம்பி." அங்கேதான் அவள் குரல் உடைந்தது. "எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்க. மொதல்லருந்து சொல்லுங்க."

அவன் சொல்ல ஆரம்பித்திருக்க வேண்டும். தெருவில் பஸ்ஸும் லோரியும் போய்க்கொண்டிருந்தன. புஷ்பம் ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டு, கண்ணை மூடி, சுவரோரமாகத் திரும்பி நின்றாள். எதிரே வந்தவர்கள் பட்டுச் சேலையைப் பார்த்துக்கொண்டே விலகிப் போனார்கள். எனக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அவள் சொன்னது மட்டும்தான் கேட்டது.

"ம்... அப்புறம்?"